தலையில்லாதவளின் காவல்காரி

கலாமி ஊர் அருங்காட்சியகத்தில் இருபத்தாறு வருடமாகக் காவல் வேலை பார்த்தவள் அஸிமினா. அந்த வேலை அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்பது ஊருக்கே தெரியும். அவளுடைய அண்ணன் ஒரு தேர்தலில் ஜெயிக்கிற கட்சிக்குப் போஸ்டர் ஒட்டினான். தங்கைக்கு ஒரு நாற்காலியும் நீலச் சட்டையும் விசிலும் கிடைத்தன. யாராவது குத்திக் காட்டினால் அவள் கூச்சப்படுகிற ஆள் இல்லை.

"ஒட்டுனவன் தங்கச்சிக்கு நாற்காலி. ஒட்டச் சொன்னவன் மச்சானுக்கு மேயர் பதவி. இதுல நான் எதுக்குப்பா வெக்கப்படணும்?" என்பாள்.

அருங்காட்சியகம் என்று பெயர்தான் பெரிது. பழைய புகையிலைக் கிடங்கில் ஒரு கூடம். இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் நிறைய உடைந்த பானைகள். கிழக்குச் சன்னலுக்கு எதிரே ஒரு பளிங்குச் சிலை. ஆளுயரப் பெண், தலை இல்லை, கைகளும் இல்லை. கீழே இருந்த அட்டையிலும் 'பெண் உருவம், தலையும் கைகளும் இல்லை' என்றுதான் எழுதியிருந்தது. எழுதியவர் பெரிய பேராசிரியராம். அதைக் கண்டுபிடிக்கப் பேராசிரியர் எதற்கு என்று அஸிமினாவுக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

அவள் அந்தச் சிலையைப் 'பெரியவள்' என்றுதான் கூப்பிடுவாள். தினம் காலை பத்து மணிக்கு, வெயில் சிலையின் தோளில் விழும்போது, மென்மையான தூரிகையால் தூசி தட்டுவாள். அவளுடைய கணவன் மாந்தோஸ் கப்பலில் சமையல்காரனாகப் போனான். இரண்டு வருடம் அஞ்சலட்டை போட்டான், அப்புறம் ஏதோ துறைமுகத்தில் வேறு அடுப்பு பார்த்துக்கொண்டான். அந்தச் சமயத்தில் ஊரே அஸிமினாவைப் பார்த்து உச்சுக் கொட்டியது, ஆளாளுக்குக் கேள்வி கேட்டது. கேள்வி கேட்காத ஒரே ஆள் பெரியவள்தான். அஸிமினாவுக்கு அவள்மேல் இருந்தது பாசம், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. வருகிற செப்டம்பரில் ஓய்வு. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு தினம் வந்து பார்ப்பது என்று முடிவும் செய்திருந்தாள்.

பார்க்க வருகிறவர்களை அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் சிலைக்குப் பின்னால் போய் நின்று, வெறும் கழுத்துக்கு மேலே தங்கள் தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். தடித்த தலை, வழுக்கைத் தலை, தொப்பி போட்ட தலை. தாங்கள்தான் உலகத்தில் முதன்முதலில் இதை யோசித்தோம் என்கிற சிரிப்பு வேறு. அஸிமினா விசிலை எடுத்து ஒரே ஊது ஊதுவாள்.

இதே கூத்தை அரசாங்க உதவித்தொகை வாங்கிக்கொண்டு செய்ய வந்தவன்தான் லெயாந்த்ரோஸ். அவனிடம் மட்டும் விசில் ஊதக் கூடாது என்று மேயர் அலுவலகத்திலிருந்து எழுத்தில் உத்தரவு வந்தது.

லெயாந்த்ரோஸின் அப்பா கலாமிக்காரர்தான். அவன் பிறந்து வளர்ந்தது சூரிச்சில். ஊரின் மொழியைப் புத்தகம் வாசிப்பதுபோலப் பேசினான். கோடையிலும் கழுத்தில் துண்டு சுற்றியிருந்தான். வந்த அன்றே காபிக் கடையில் தன் திட்டத்தை விளக்கினான். உடைந்த சிலையைக் குறிப்பிட்ட ஒளியில் படம் எடுப்பான். அதே இடத்தில், அதே நேரத்தில், அதே ஒளியில், உயிருள்ள ஊர்க்காரர்களின் தலையையும் கையையும் படம் எடுப்பான். பிறகு கணினியில் தோலை எடுத்துவிட்டுப் பளிங்கின் அணுக்களை ஏற்றி, இரண்டையும் ஒட்டு தெரியாமல் சேர்ப்பான். ஆளுயரத்துக்கு அச்சடித்தால் இரண்டாயிரத்து முந்நூறு வருடக் காயம் ஆறிவிடுமாம்.

"காயம்னு சொல்றியே தம்பி, கத்தியால குத்துனாங்களா?" என்று கேட்டார் சரந்திஸ் மாமா. காபிக் கடையின் மூலை நாற்காலி அவருக்குப் பிறப்புரிமை. "அவ கையும் தலையும் நம்ம சுண்ணாம்புக் காளவாய்ல வெந்துச்சுய்யா. மேயரோட தாத்தா காளவாய். அந்தச் சுண்ணாம்ப வாங்கித்தான் ஊரே ஈஸ்டருக்கு வெள்ளையடிச்சுது. கை வேணும்னா சுவத்தச் சுரண்டிப் பாரு."

கடையே சிரித்தது. மேயர் பெலோபிதாஸ் மட்டும் தன் காபிக் கோப்பையின் அடியில் ஏதோ எழுதியிருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேயருக்கு இந்தத் திட்டத்தில் ஏன் அவ்வளவு அக்கறை என்பது அஸிமினாவுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. மாவட்டத் தலைநகரின் பெரிய அருங்காட்சியகம் ரொம்ப நாளாகப் பெரியவளைக் கேட்டுக்கொண்டிருந்தது. கொடுத்தால் ஊர் சும்மா விடாது என்று மேயர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இப்போது வழி பிறந்துவிட்டது. உடைந்ததை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். தலையும் கையும் முழுசாக இருக்கிற படம் ஊருக்கு இருக்கும். பதிலுக்கு ஊருக்கு ஒரு சுற்றுச்சாலை.

"யோசிச்சுப் பாருங்க அஸிமினாம்மா, நமக்குத்தான லாபம்? நொண்டியக் குடுத்துட்டு முழுசா ஒருத்திய வாங்கிக்கிறோம்" என்றார் மேயர்.

"உங்க வீட்டம்மாவுக்கு மூட்டு வலியாமே. அவங்களையும் அனுப்பிட்டு ஒரு படத்த மாட்டிக்கிறீங்களா?"

மேயர் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் நகர்ந்துவிட்டார். அஸிமினா அன்று மதியம் சாப்பிடவில்லை. தூரிகையை எடுத்துப் பெரியவளுக்கு இன்னொரு தடவை தூசி தட்டினாள்.

தலைக்கு பேக்கரிக்காரர் மகள் மிர்சினியைத் தேர்ந்தெடுத்தான் லெயாந்த்ரோஸ். பத்தொன்பது வயது, முகத்தில் ஒரு கவலையும் கிடையாது. கைக்கு ஊரில் பாதிப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மேயரின் மனைவி முந்தின நாளே நகப்பூச்சை அழித்துக்கொண்டு வந்து நின்றாள். அவன் எல்லாக் கைகளையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அஸிமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுதான்! உழைத்த கை! இதில் வரலாறு இருக்கிறது!" என்றான். பத்தொன்பது வயது முகத்துக்கு அறுபத்து நாலு வயதுக் கை. அது பொருந்துமா என்று கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் மறுத்தால் வேறு யாருடைய கையையாவது கண்டபடி ஒட்டிவிடுவான். நாமே போனால் கையை இருக்க வேண்டிய இடத்திலாவது வைக்கலாம் என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்குச் சிலைக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தினார்கள். பளிங்கு மாதிரித் தெரிய வேண்டும் என்று தோள் முதல் விரல் வரை பேக்கரி மாவைத் தடவினார்கள். அவளுக்குத் தும்மல் தும்மலாக வந்தது. லெயாந்த்ரோஸ் கூடத்தின் நடுவே காமிராவை நிறுத்திவிட்டு, "வலது கையை முன்னால் நீட்டுங்கள். உள்ளங்கை எங்களைப் பார்க்கட்டும். விரல்கள் திறந்திருக்கட்டும். அவள் நம்மை வரவேற்கிறாள்!" என்றான்.

அஸிமினா திகைத்துப் போனாள். அவளுடைய நாட்டில் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டினால் அதற்கு மேல் வசவு தேவையில்லை. மூஞ்சியில் சாணி அடிப்பதும் அதுவும் ஒன்று. மூன்ட்ஸா என்பார்கள். அதனால் வெட்டுக்குத்து நடந்திருக்கிறது, அண்ணன் தம்பி பேச்சு நின்றிருக்கிறது. கடைக்காரரிடம் ஐந்து ரொட்டி கேட்கும்போதுகூட உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டுதான் காட்டுவார்கள்.

"தம்பி, இப்படிக் காட்டக் கூடாதுப்பா."

"ஏன்?"

"ஏன்னா? உங்கப்பா உனக்குச் சொல்லித் தரலியா?"

"அம்மா, நீங்கள் சொல்வது பிற்காலத்துக் கொச்சை வழக்கம்," என்று அவன் பொறுமையாகச் சிரித்தான். "நான் அதற்கு முந்திய, தூய்மையான அசைவைத் தேடுகிறேன்."

"தேடு, நல்லாத் தேடு. ஆனா அவ கை அங்க இல்ல. இங்க வந்து பாரு. தோள் சதை கீழ எறங்கியிருக்கா? கையத் தூக்குனா சதை இப்படியா இருக்கும்? இடுப்பு மடிப்புல சின்னதா ஒரு உடைசல் இருக்கு பாரு, அங்கதான் விரல் ஒட்டியிருந்துச்சு. அவ துணியப் புடிச்சிக்கிட்டுச் சும்மா நின்னவ தம்பி. யாரையும் வரவேக்கல."

இருபத்தாறு வருடம் தூசி தட்டிய கைக்குத் தெரிந்த விஷயம் அது. ஒரு பேராசிரியரும் இதுவரை அவளைக் கேட்டதில்லை. லெயாந்த்ரோஸ் கிட்டே வந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்கள் வேலை காவல். என் வேலை பார்ப்பது. தயவுசெய்து கையைத் தூக்குங்கள். ஒளி போய்விடும்."

அஸிமினாவுக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை சூடு ஏறியது. சரிடா மகனே, கேட்டு வாங்கிக்கொள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வலது கையைத் தோளிலிருந்து வீசி, ஐந்து விரலையும் முறுக்கி விரித்து, அவனுக்கும் அவன் காமிராவுக்கும் மேயருக்கும் மாந்தோஸுக்கும் சேர்த்து ஒரே மூன்ட்ஸாவாகக் கொடுத்தாள். முழு மனசோடு கொடுத்தாள்.

"ஆகா! என்ன வேகம்! என்ன உயிர்! அப்படியே இருங்கள்!" என்று துள்ளினான் லெயாந்த்ரோஸ்.

நாற்பது படம் எடுத்தான். நாற்பதுக்கும் அவள் சளைக்காமல் கொடுத்தாள்.

படம் தயாரானதும் மேயர் அதைக் கணினியில் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். பார்த்தார் என்று சொல்வது பேச்சுக்குத்தான். கீழே தன் பெயர் எந்த அளவில் போட்டிருக்கிறது என்று பார்த்தார், அதைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். அலுவலகத்தில் அந்தச் சிலையைப் பற்றிய தாள்கள் எல்லாம் அன்றே தயாராகி, இந்தப் புதுப் படத்தின் ஒரு பிரதியோடு தலைநகருக்குப் போய்விட்டன.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பூசை முடிந்ததும். மொத்த ஊரும் நல்ல உடுப்பில் வந்திருந்தது. வாசலுக்கு நேரே, உள்ளே நுழைகிற எவரும் தப்ப முடியாதபடி, ஆளுயரப் படத்தை மாட்டித் துணியால் மூடியிருந்தார்கள். மேயர் படத்துக்கு நேர் எதிரே நின்று இருபது நிமிடம் பேசினார். காயம், ஆறுதல், முழுமை. முடித்துவிட்டுப் படத்தின் பக்கம் திரும்பினார். லெயாந்த்ரோஸ் கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டு துணியை இழுத்தான்.

பெரியவள் மிர்சினியின் முகத்தோடு இனிமையாகச் சிரித்துக்கொண்டு, அஸிமினாவின் கையால், மேயரின் மூக்குக்கு நேரே ஐந்து விரலையும் விரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பாதிரியார் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். மேயரின் மனைவி, தன் கையைத் தேர்ந்தெடுக்காமல் போனதற்கு முதன்முறையாக நன்றி சொல்லிக்கொண்டாள். பின்வரிசையில் இருந்த சரந்திஸ் மாமாவுக்குத்தான் முதலில் சுயநினைவு வந்தது. வசவை வாங்கினால் திருப்பிக் கொடுக்காமல் வீட்டுக்குப் போகிற வழக்கம் அவர் பரம்பரையில் கிடையாது.

"எனக்கா குடுக்கற? இந்தா, நீயே வெச்சுக்க!" என்று எழுந்து இரண்டு கையாலும் படத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்.

அவ்வளவுதான். கட்டு அவிழ்ந்த மாதிரி ஊர் எழுந்தது. பொண்ணு, கிழவன், பேக்கரிக்காரர், தபால்காரர் எல்லோரும் கையை விரித்துப் படத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் அந்தச் சாக்கில் மேயரின் முதுகுக்கும் கொடுத்தார்கள். லெயாந்த்ரோஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்கள்! இது அவர்களுடைய ரத்தத்திலேயே இருக்கிறது! வரவேற்பை வரவேற்பால் ஏற்கிறார்கள்!" என்று கத்திக்கொண்டு காமிராவோடு கூட்டத்துக்குள் ஓடினான்.

அஸிமினா தன் நாற்காலியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். இனி இந்தப் படத்தை ஊர் வைத்துக்கொள்ளாது, பெரியவள் பிழைத்தாள் என்று நினைத்தாள். அந்த நினைப்பு மறுநாள் காலை வரைதான் நின்றது.

"படத்த ஒரு மணி நேரத்துல மாத்திரலாமாம். கணினியில கைய மூடிப் பூவக் குடுத்துடுவானாம்" என்றார் மேயர். கண் இரண்டும் சிவந்திருந்தது. "நீங்க நல்லாச் சிரிங்க. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாச்சு. புதன்கிழமை பெட்டி வருது."

புதன்கிழமை பெட்டி வந்தது. லாரியும், நான்கு ஆட்களும், பெரிய அருங்காட்சியகத்தின் அதிகாரி எவாந்தியாவும் கூடவே வந்தார்கள். எவாந்தியா ஐம்பது வயதுப் பெண். ஒரு வார்த்தை வீணாகப் பேச மாட்டாள், ஒரு தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். கோப்பைத் திறந்தாள், சிலையைப் பார்த்தாள், மறுபடி கோப்பைப் பார்த்தாள்.

"தலை எங்க?" என்று கேட்டாள்.

"தலையா?" என்றார் மேயர்.

"தலை. ரெண்டு கை. உங்க கோப்புல இருக்கு." அவள் படத்தைத் திருப்பிக் காட்டினாள். 'பொருளின் தற்போதைய நிலையைக் காட்டும் புகைப்படம்' என்று அச்சடித்த கட்டத்தில், லெயாந்த்ரோஸ் எடுத்த படம் அழகாக ஒட்டியிருந்தது. கீழே 'உண்மைக்கு ஒத்தது' என்ற வரி, மேயரின் கையெழுத்து, ஊராட்சி முத்திரை. அலுவலகத்தில் யாரோ, இருப்பதிலேயே நல்ல படமாகப் பார்த்து ஒட்டியிருக்கிறார்கள்.

"அது... அது கலைங்க," என்றார் மேயர்.

"கலையில முத்திர குத்த மாட்டாங்க. நான் இத ஏத்திக்கிட்டுப் போனா, நாளைக்கு அங்க பெட்டியத் தெறந்து தலை எங்கன்னு என்னைக் கேப்பாங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. தாள் பொய்யா, இல்ல தலை காணாமப் போச்சா?"

தாள் பொய் என்றால் மேயர் கோர்ட்டுக்குப் போக வேண்டும். மேயர் சன்னலைப் பார்த்தார்.

எவாந்தியா பெருமூச்சு விட்டாள். அவளுக்கும் லாரியை வெறுமனே திருப்பிக்கொண்டு போக ஆசையில்லை. அஸிமினா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இருபத்தாறு வருஷம் காவல் நீங்க. அட்டையில என்ன இருந்தாலும் உங்க வார்த்தையதான் நான் எழுதணும். நல்லாக் கேட்டுக்குங்க. தலை எப்பவுமே இல்லன்னு சொன்னீங்கன்னா, நான் என் போன்ல ஒரு படம் எடுத்து ஒட்டி, இவரத் தனியாக் கவனிச்சுக்கச் சொல்லிட்டு, சிலைய ஏத்திக்கிட்டுப் போயிடுவேன். அஞ்சு நிமிஷ வேலை. இருந்துச்சுன்னு சொன்னீங்கன்னா, அது களவு. விசாரணை வரும். முடியற வரைக்கும் சிலை இந்த எடத்த விட்டு நகராது. காவல்ல இருந்தவங்களுக்கு ஓய்வு கெடையாது, ஓய்வூதியமும் வராது. உங்கமேல கேசும் வரலாம். புரியுதா?"

"விசாரணை எத்தன நாள் நடக்கும்?"

"நம்ம நாட்டுலயா?" என்றாள் எவாந்தியா.

அஸிமினா பெரியவளைப் பார்த்தாள். வெயில் தோளைத் தாண்டி மார்புக்கு இறங்கியிருந்தது. நான்கு ஆட்களும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். செப்டம்பரில் வர வேண்டிய ஓய்வூதியத்தை நம்பி அவள் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தாள். பயமாகத்தான் இருந்தது. விசிலைப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்துச்சு," என்றாள்.

மேயர், "ஐயோ, அஸிமினாம்மா!" என்றார்.

"நீங்க பேசாதீங்க," என்றாள் எவாந்தியா. "எப்பக் கடைசியாப் பாத்தீங்க?"

"இன்னிக்குக் காலைல. பத்து மணிக்குத் தூசி தட்டும்போது இருந்துச்சு."

எவாந்தியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினாள். ஆட்கள் கயிற்றைச் சுருட்டினார்கள்.

"அடையாளம் எழுதணும். முகம் எப்படி இருந்துச்சு?"

அஸிமினா யோசிக்கவே இல்லை. "நெத்தி சின்னது. மூக்கு கொஞ்சம் எடப்பக்கம் வளைஞ்சிருக்கும். வாய் இறுக்கமா மூடியிருக்கும், சிரிக்க மாட்டா. எடக் கண்ணுக்குக் கீழ ஒரு சுருக்கம். நல்லா வயசானவ. யாரு பேசினாலும் முழுசாக் கேட்டுக்கிற மொகம்."

பேனா நின்றது. எவாந்தியா கோப்பிலிருந்த படத்தில், சிரித்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயது முகத்தைப் பார்த்தாள்.

"படத்துல இப்படி இல்லையேம்மா."

"படம் எடுத்தவனுக்கு என்னம்மா தெரியும்?" என்றாள் அஸிமினா. "அவன் பத்து நாள்தான இங்க இருந்தான்."